உங்கள் மாவட்ட நிருபருக்கு முன்னால் நிற்பது யார்?

இந்தி நாளிதழ்களையும் இந்திச் செய்தித் தொலைக்காட்சிகளையும் நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். தமிழில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தி படிப்பேன், தட்டுத்தடுமாறிப் பேசுவேன். கோபத்தோடு எழுதும் அளவுக்கு வராது. உங்கள் அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார், படித்துச் சொல்லச் சொல்லுங்கள். நடுவில் அவர் எதையாவது மென்று முழுங்கினால் அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

2026 மே 30 அன்று இந்தி இதழியலுக்கு இருநூறு வயது. 1826-ல் அதே தேதியில், ஒரு செவ்வாய்க்கிழமை, கல்கத்தாவில் 'உதந்த மார்த்தாண்ட்' என்ற வார இதழ் வெளிவந்தது. நடத்தியவர் ஜுகல் கிஷோர் சுக்லா, கான்பூர்க்காரர். கல்கத்தாவில் இந்தி படிப்பவர்கள் கொஞ்சம் பேர். படிக்கக்கூடியவர்கள் இருந்த வடநாட்டுக்கு அனுப்பத் தபால் செலவு கட்டவில்லை. சலுகை கேட்டார், அரசு தரவில்லை. 1827 டிசம்பரில் மூடிவிட்டார். ஒன்றரை வருடம் மட்டுமே ஓடிய பத்திரிகையின் பிறந்த நாளைத்தான் ஆண்டுதோறும் இந்தி இதழியல் தினமாகக் கொண்டாடுகிறீர்கள். அதில் எனக்குக் குறையே இல்லை. நஷ்டப்பட்டவனை நினைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

இருநூறாம் ஆண்டு என்பதால் மேடைகள் பெரிதாக இருக்கும். பேனரில் வட்டக் கண்ணாடி போட்ட ஒரு முகம் இருக்கும்: கான்பூரில் 'பிரதாப்' இதழை நடத்திய கணேஷ் சங்கர் வித்யார்த்தி. அவர் பெயரில் ஆக்ராவின் மத்திய இந்தி நிறுவனம் விருது தருகிறது. கான்பூரின் பெரிய மருத்துவக் கல்லூரிக்கு அவர் பெயர்தான். ஜிஎஸ்விஎம் என்று எல்லோரும் சொல்லும் நான்கு எழுத்துக்குள் அவர் சுருங்கி உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்தேன்.

எனக்கு அவர் அறிமுகமானது இப்படி. பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் என் அக்கா மகள் சிபிஎஸ்இ பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. இரண்டாம் மொழி இந்தி. பரீட்சைக்கு முந்தைய ராத்திரி, ஓரமெல்லாம் பென்சிலில் கிறுக்கிய பாடப்புத்தகத்தோடு வந்தாள். "மாமா, லா-மஜ்ஹப்னா என்ன?" மதமில்லாதவன் என்றேன். "அப்ப பெரியார் மாதிரியா?" கிட்டத்தட்ட என்றேன். பாடத்தின் பெயர் 'தர்ம கீ ஆட்', அதாவது மதத்தின் மறைவில். இரண்டு மணி நேரம் பூஜை செய்கிறாய், ஐந்து வேளை தொழுகிறாய், அப்புறம் மிச்ச நேரமெல்லாம் அடுத்தவனை ஏய்த்துத் துன்புறுத்துகிறாய் என்றால் உன்னைக் காட்டிலும் அந்த லா-மஜ்ஹப்பும் நாத்திகனும் எவ்வளவோ மேல் என்று எழுதியிருந்தார். சுதந்திரப் போராட்டத்துக்குள் மௌல்விகளுக்கும் தர்மாச்சாரியார்களுக்கும் இடம் கொடுத்தது மிகக் கெட்ட நாள் என்றும் எழுதியிருந்தார். எழுதியவர் காங்கிரஸ்காரர், காந்தியை மதித்தவர். யாருக்கு வலிக்கும் என்று பார்த்து எழுதவில்லை.

எனக்கு ஆச்சரியம். இந்திப் பாடம் என்றால் கபீர் தோஹாவும் ரயில் பயணக் கட்டுரையும் என்று நினைத்திருந்தவன் நான். அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் என் வாயால் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். 1890 அக்டோபர் 26-ல் அலகாபாத்தில் தாய்வழிப் பாட்டனார் வீட்டில் பிறந்தவர். அப்பா ஜெய்நாராயண், குவாலியர் சமஸ்தானத்து முங்காவலியில் பள்ளி ஆசிரியர். பையன் முதலில் படித்தது உருது. பின்னாளில் அவர் எழுதிய இந்தியில் உருதுச் சொற்கள் கூச்சமில்லாமல் வந்து உட்காருவது அதனால்தான். மெட்ரிக் தேறியபின் மேலே படிக்கக் காசில்லை. கான்பூரில் கரன்சி ஆபீசில் குமாஸ்தா வேலை. மேலதிகாரியோடு ஒத்துப்போகவில்லை, விட்டுவிட்டார். அப்புறம் பள்ளி ஆசிரியர் வேலை, அதுவும் நிலைக்கவில்லை. தேசியப் பத்திரிகையை வைத்துக்கொண்டு படித்தது பள்ளிக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை என்பார்கள். 1911-ல் 'சரஸ்வதி' ஆசிரியர் மகாவீர் பிரசாத் த்விவேதி அவரை உதவி ஆசிரியராகச் சேர்த்துக்கொண்டார். இந்தி உரைநடையைச் செதுக்கியவர் த்விவேதி. அவரிடம் பாடம் படித்தது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் இலக்கியப் பத்திரிகை இவருக்குப் போதவில்லை. மதன் மோகன் மாளவியாவின் அரசியல் பத்திரிகையான 'அப்யுதயா'வுக்குப் போனார். அங்கிருந்தும் கிளம்பினார். 1913 நவம்பர் 9 அன்று, இருபத்து மூன்று வயதில், நண்பர்கள் சிலரோடு கான்பூரில் 'பிரதாப்' வார இதழைத் தொடங்கினார்.

முதல் இதழில் பிரதாபின் கொள்கை என்று ஒரு தலையங்கம் எழுதினார். தெரிந்தே பொய்க்குத் துணைபோகும் வெட்கங்கெட்ட நிலை எங்களுக்கு வந்தால் அது எங்கள் ஒழுக்கத்தின் சாவு; அந்தச் சாவோடு எங்கள் உயிரும் சேர்ந்து போகட்டும் என்று அதில் ஓர் இடம். இருபத்து மூன்று வயதுப் பையன் எழுதினால் கொஞ்சம் சத்தமாகத்தான் இருக்கும். நானும் அந்த வயதில் இதைவிடச் சத்தமாக எழுதியிருக்கிறேன், வேலை கேட்டுப் போட்ட விண்ணப்பத்தில்.

சரி, நான் சொல்ல வந்தது பீர் முகமது மூனிஸைப் பற்றி.

பீகாரில் சம்பாரண் மாவட்டத்துப் பெத்தியாவில் மூனிஸ் ஒரு பள்ளி ஆசிரியர். பிரதாபுக்குச் செய்தி எழுதி அனுப்பியவர். இன்றைய பேச்சில் சொன்னால் ஸ்ட்ரிங்கர். அங்கே அப்போது தீன்கடியா முறை. ஒரு பிகா நிலத்தில் இருபது கட்டா என்றால் அதில் மூன்று கட்டாவில் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிக்காக அவுரி போட்டே ஆக வேண்டும். விலையை அவர்கள்தான் வைப்பார்கள். செயற்கைச் சாயம் வந்து அவுரி விழுந்தபோது, அவுரியிலிருந்து விடுவிக்கிறோம் என்று சொல்லி அதற்கும் விவசாயியிடமே பணம் பிடுங்கினார்கள். மூனிஸ் இதை விடாமல் எழுதினார், கான்பூரில் வித்யார்த்தி விடாமல் அச்சடித்தார். மூனிஸுக்கு வேலை போயிற்று. அவர் எழுதுவது நிற்கவில்லை, பிரதாப் போடுவதும் நிற்கவில்லை. ராஜ்குமார் சுக்லா என்ற விவசாயி காந்தியைச் சம்பாரணுக்கு அழைத்து அனுப்பிய கடிதத்தை எழுதிக் கொடுத்தது இந்த மூனிஸ்தான். 1917 ஏப்ரலில் காந்தி வந்ததும் அதன்பின் நடந்ததும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். மூனிஸ் பெயர் தெரிந்த பிள்ளைகள் எத்தனை பேர்?

மாவட்டத்து மூலையில் ஒருவர் எழுத, நகரத்தில் ஒருவர் அதைப் போட்டு, வந்த வினையைத் தன் தலையில் வாங்கிக்கொள்வது. வித்யார்த்தியின் இதழியல் முழுக்க இதுதான் என்று எனக்குப் படுகிறது. ராய்பரேலி வழக்கு இதற்கு இன்னும் நல்ல சாட்சி. 1921 ஜனவரி 7-ல் முன்ஷிகஞ்சில், சயி ஆற்றங்கரையில், தங்கள் தலைவர்களைப் பார்க்கத் திரண்ட விவசாயிகள் மேல் துப்பாக்கிச் சூடு. ஜாலியன்வாலா பாக் நடந்து இரண்டு வருடம் கூட ஆகவில்லை. பிரதாப் விவரமாக எழுதியது, வீர்பால் சிங் என்ற தாலுக்தாரின் பங்கையும் எழுதியது. தாலுக்தார் என்றால் நம்மூர் ஜமீன்தார் மாதிரி. மன்னிப்புக் கேள் என்றார் அவர். வித்யார்த்தி கேட்கவில்லை. மானநஷ்ட வழக்கு. மோதிலால் நேருவும் ஜவாஹர்லால் நேருவும் வந்து வித்யார்த்தி பக்கம் சாட்சி சொன்னார்கள். அப்படியும் தண்டனைதான். ஆசிரியர் வித்யார்த்திக்கும் பதிப்பாளர் சிவநாராயண் மிஸ்ராவுக்கும் சிறை, அபராதம். 1920-ல் ஆரம்பித்த தினசரிப் பதிப்பு இடையில் நின்றுபோனது. வார இதழை மட்டும் விடவில்லை.

யார் உள்ளே போனார்கள் என்று கவனியுங்கள். ஆசிரியரும் பதிப்பாளரும்.

இந்த இடத்தில் என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இவ்வளவு வேகாளம் எதற்கு என்று தோன்றும். தொண்ணூறுகளில் நான் தமிழ்நாட்டில் ஒரு தாலுகா ஊரில் பகுதிநேர நிருபராக இருந்தேன். பத்திரிகையின் பெயர் வேண்டாம். அச்சில் வந்ததை ஸ்கேல் வைத்து அளந்து, இத்தனை சென்டிமீட்டருக்கு இத்தனை என்று மாதக் கடைசியில் மணியார்டர் வரும். தீபாவளி மலருக்கு விளம்பரம் பிடித்துக் கொடுக்க வேண்டும். பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் செய்தி சுருங்கிவிடும். ஒரு அடையாள அட்டை தந்திருந்தார்கள். அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்தில், அட்டை வைத்திருப்பவர் நிறுவனத்தின் ஊழியர் அல்லர் என்று இருந்ததை நான் ரொம்ப நாள் படிக்கவே இல்லை.

ராத்திரியில் ஆற்று மணல் லாரி போவதைப் பற்றி எழுதினேன். மூன்று பத்தி, படத்தோடு வந்தது. அடுத்த வாரம் என் மேல் அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்ததாக வழக்கு. அலுவலகத்துக்கு எஸ்டிடி பூத்திலிருந்து போன் போட்டேன். மீட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. "தம்பி, நீங்க நம்ம ஸ்டாஃப் இல்லையே" என்றது மறுமுனை. திட்டிக்கூடச் சொல்லவில்லை, பிரியமாகத்தான் சொன்னது. அம்மாவின் வளையல் அடகுக்குப் போய் வக்கீல் ஃபீஸ் ஆயிற்று. நாலு வருடம் வாய்தா. பிறகு ஒன்றும் இல்லை என்று தள்ளுபடி. நான் எழுதியது உண்மை என்று அந்தப் பத்திரிகை ஒரு வரி போட்டிருந்தால் முதல் மாதமே முடிந்திருக்கும்.

அதனால் 2019 ஆகஸ்டில் உங்கள் மிர்சாபூர் செய்தியைப் பார்த்தபோது எனக்கு அந்த மீட்டர் ஞாபகம்தான் வந்தது. சியூர் என்ற கிராமத்து ஆரம்பப் பள்ளி. மதிய உணவுக்குப் பிள்ளைகள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து ரொட்டியை உப்பில் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். உள்ளூர் இந்திப் பத்திரிகையின் நிருபர் ஒருவர் அதை வீடியோ எடுத்தார். நாடு முழுக்க ஓடியது, உங்கள் சேனல்களிலும் ஓடியது. கடைசியில் அவர் மேல் சதி வழக்கு. அச்சுப் பத்திரிகைக்காரர் போட்டோ அல்லவா எடுக்க வேண்டும், வீடியோ ஏன் எடுத்தார் என்று மாவட்ட ஆட்சியரே பேட்டி கொடுத்தார். பிரஸ் கவுன்சில் தலையிட்டது, எடிட்டர்ஸ் கில்டு கண்டித்தது, சில மாதத்தில் போலீஸ் அவர் பெயரை நீக்கியது. எல்லாம் சுபம் என்று நினைத்தோம். அவருக்குப் புற்றுநோய் வந்தது. சிகிச்சைக்கு ஊரார் உதவி கேட்க வேண்டியிருந்தது. 2022 மே மாதம் இறந்துபோனார். இந்தி இதழியல் தினத்துக்குச் சில வாரங்கள்தான் இருந்தன.

அவர் வேலை பார்த்த பத்திரிகையை நான் குறை சொல்லவில்லை. அதன் நிலவரம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வீடியோவை இரவு ஒன்பது மணிக்கு ஓட்டி ரேட்டிங் பார்த்த பெரிய சேனல்கள் இருக்கின்றனவே, அவற்றின் ஆசிரியர்களைத்தான் கேட்கிறேன். உங்களுக்குச் செய்தி அங்கிருந்துதான் வருகிறது. ஸ்டோரிக்கு இத்தனை ரூபாய் என்று பேசி, மைக்குக்கு மாட்ட உங்கள் லோகோவை மட்டும் கொடுத்து அனுப்புகிறீர்கள். வழக்கு வந்தால் லோகோவைத் திரும்பக் கேட்கிறீர்கள். எங்கள் ஊரிலும் இதுதான் நடக்கிறது. நாங்கள் யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் வித்யார்த்தி படத்தை பேனரில் போடுவது நீங்கள்.

அவரிடம் எனக்குச் சண்டை இல்லாமல் இல்லை. 1930-ல் கோரக்பூரில் இந்தி சாகித்ய சம்மேளனத்துக்குத் தலைமை வகித்தவர். இந்தியின் எதிர்காலத்தைப் பற்றி அவருக்கு இருந்த கனவில் எங்கள் ஊர் எங்கே வரும் என்று உட்கார வைத்துக் கேட்டிருப்பேன். கேட்டால் காது கொடுத்திருப்பார் என்று ஒரு நம்பிக்கை. அது வேறு நாள் சண்டை.

மற்றபடி அந்தப் பிரதாப் அச்சகம் எப்பேர்ப்பட்ட இடம்! லாகூரில் வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்ததும் ஓடிவந்த பகத்சிங், பல்வந்த் சிங் என்ற பெயரில் அங்கேதான் எழுதினார். கோரக்பூர் சிறையில் தூக்குக்குக் காத்திருந்த ராம் பிரசாத் பிஸ்மில் எழுதிய வாழ்க்கைக் கதை வெளியே கடத்தி வரப்பட்டு அச்சேறியதும் அங்கேதான். வித்யார்த்தி அகிம்சைக்காரர். அவர்கள் துப்பாக்கி தூக்கியவர்கள். கூரை ஒன்றுதான்.

அந்த பகத்சிங்கை 1931 மார்ச் 23-ல் தூக்கில் போட்டார்கள். வித்யார்த்தி ஹர்தோய் சிறையிலிருந்து வெளியே வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. மறுநாள் கான்பூரில் கடையடைப்பு. கடையை மூடு, மூடமாட்டேன் என்பதில் ஆரம்பித்தது இந்து முஸ்லிம் கலவரமாக மாறி நகரம் எரிந்தது. போலீஸ் கைகட்டி நின்றது என்று பிறகு நடந்த விசாரணைகளில் வெளிவந்தது. கராச்சியில் காங்கிரஸ் கூடவிருந்த நேரம். மாகாணத் தலைவர்களில் ஒருவர் அங்கே போய் மேடையில் உட்கார்ந்திருந்தால் யாரும் தப்புச் சொல்லியிருக்க மாட்டார்கள். இவர் தெருவில் இருந்தார். 25-ம் தேதி பெங்காலி மொஹாலில், இந்துக்கள் சூழ்ந்த பகுதியில், சிக்கிக்கொண்ட முஸ்லிம் குடும்பங்களை வெளியே கொண்டு வந்தார். அப்புறம் முஸ்லிம்கள் மிகுந்த பகுதியில் இந்துக்கள் சிக்கியிருப்பதாகத் தகவல், அங்கே போனார். சௌபே கோலாவில் கும்பல் சூழ்ந்தது. கூட இருந்தவர்கள் ஒரு சந்துக்குள் இழுத்துக் காப்பாற்றப் பார்த்தார்களாம், அவர் கையை உதறிவிட்டாராம். வயது நாற்பது.

இரண்டு நாள் ஆள் எங்கே என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் குவிந்த பிணங்களுக்கு நடுவே, முகம் வீங்கி அடையாளம் தெரியாமல் கிடந்தவரைக் கதர்த் துணியையும் பையில் இருந்த கடிதங்களையும் வைத்துக் கண்டுபிடித்தார்கள். கலவரத்தை விசாரிக்க காங்கிரஸ் ஒரு குழு போட்டது, பகவான் தாஸ் தலைமையில். அதில் ஒருவர் பண்டிட் சுந்தர்லால், இளம் வயதில் வித்யார்த்தியை அலகாபாத்தில் பத்திரிகைப் பக்கம் இழுத்தவர். தான் எழுத்துக்குக் கொண்டுவந்த பையன் எப்படிச் செத்தான் என்று எழுத வேண்டியிருந்தது. அந்த அறிக்கையையும் அரசு தடை செய்தது.

நீங்களும் தெருவுக்குப் போய்ச் சாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை, இன்னொருவரிடம் எதிர்பார்க்கவும் கூடாது. கலவரம் நடக்கிற ராத்திரி ஸ்டுடியோவில் நாலு பேரை உட்கார வைத்து, திரையின் அடியில் தீ எரிகிற கிராஃபிக்ஸ் போட்டு, "யார் காரணம்" என்று கத்தவிடாமல் இருப்பதற்குச் சாக வேண்டியதில்லை. அன்றைக்கு அந்த நாற்காலிகளைக் காலியாக விட்டு, அந்த ஊர் நிருபர் சொல்வதை மட்டும், அவர் சரிபார்த்து முடித்த பிறகு, போட்டால் போதும். ரேட்டிங் அடிவாங்கும். வாங்கட்டும், ஒரு ராத்திரிதானே.

நான் கேட்பது இன்னும் சின்ன விஷயம். உங்கள் செய்திக்காக வழக்கு வாங்கிய மாவட்ட நிருபர்களின் பட்டியல் உங்கள் லீகல் டிபார்ட்மென்டில் இருக்கும், அல்லது இருக்காது. இல்லாவிட்டால் எடுங்கள். அவர்களுக்கு வக்கீல் வைத்துக் கொடுங்கள். செய்தி எங்களுடையது, பொறுப்பும் எங்களுடையது என்று ஆசிரியரின் கையெழுத்தோடு ஒரு கடிதம் காவல் நிலையத்துக்குப் போகட்டும். இதற்கு ஒரு முக்கால் மணி நேர விளம்பர வருமானம் போதும் என்று உங்கள் கணக்கர்களுக்கே தெரியும். அடையாள அட்டையின் பின்பக்கத்தை ஒருமுறை திருப்பிப் பாருங்கள், அங்கே பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று.

மே 30 மேடையில் மந்திரி இருப்பார், ஆங்கர்கள் இருப்பார்கள், சால்வை இருக்கும். முன்வரிசையில் ஒரு நாற்காலியை பெத்தியாவிலிருந்தோ மிர்சாபூரிலிருந்தோ வருகிற உங்கள் ஸ்ட்ரிங்கருக்கு ஒதுக்கிவையுங்கள். அவரைப் பேசச் சொல்லுங்கள். ரயில் டிக்கெட்டுக்கும் ஒரு நாள் சாப்பாட்டுக்கும் சேர்த்துப் பணம் அனுப்பிக் கூப்பிடுங்கள். கையிலிருந்து போட்டு வந்துவிட்டு, பில்லை வைத்துக்கொண்டு ஆறு மாதம் உங்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்க அவரால் முடியாது.

இப்படிக்கு,
முன்னாள் பகுதிநேர நிருபர் ஒருவன்